எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல் வரிசையில் ஓரிரு விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ராசஸர் வேண்டும், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை அலுவலகக் கணினிகள் இதனால் கழிவுப் பட்டியலுக்குத் தள்ளப்படுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற பெயர்களில் வந்த ஒல்லியான பெட்டிகள் இவற்றில் ஏராளம். பெரிய நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துவிட, வியாபாரிகளிடம் கைமாறி, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளின் வழியே அவை சிற்றூர்கள்வரை வந்து சேர்கின்றன. ராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இவை யாருக்குத் தேவைப்படும் என்று தேட வேண்டியதில்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பின் வளர்ந்த நூற்பாலைகளின் கணக்குப் பிரிவுகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிக்கூடங்கள், பக்கத்துச் சிவகாசியின் அச்சகங்கள், கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் என்று வரிசை நீளமானது. வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பிரித்து, உள்ளே இருப்பவற்றைப் பெரிய கேபினட்டுக்கு மாற்றி, கிராபிக்ஸ் கார்டு சேர்த்து, தங்கள் விருப்பப்படி ஒரு கணினியை அசெம்பிள் செய்கிறார்கள். இந்த வழக்கம் சிக்கனம் என்று புகழப்படுகிறது. பொருளை வீணாக்காத செயல் என்றும் புகழப்படுகிறது. இரண்டு புகழும் பாதி உண்மை.

பாகம் பழையதா புதியதா என்று பார்த்து இந்த வழக்கத்தை எடைபோட முடியாது. அந்தப் பாகத்தின் வடிவத்தையும் இணைப்பையும் யார் தீர்மானித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பல கம்பெனிகள் கூடி வகுத்த பொது அளவின்படி செய்யப்பட்ட பாகம், எந்தப் பெட்டிக்குப் போனாலும் தன் மதிப்பையும் கூடவே கொண்டுபோகிறது. ஒரு பெட்டிக்காகவே ஒரு கம்பெனி வரைந்த பாகத்துக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கும்வரைதான் மதிப்பு. சிறு கணினிகளில் இரண்டு வகையும் கலந்தே கிடக்கின்றன. ரேம், எஸ்எஸ்டி, ப்ராசஸர் ஆகியவை முதல் வகை. மதர்போர்டு, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், கூலர், முன்பக்கப் பட்டனுக்குப் போகும் ஒயர்கள் ஆகியவை இரண்டாம் வகை. அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல அவை ஒரே உடம்புக்குப் பொருந்துபவை. இரண்டாவது வகையை முதல் வகையாக நினைத்துக் கழற்றும் இடத்தில்தான் பணமும் வீணாகிறது, பொருளும் வீணாகிறது. ஓடுகிற சிறு கணினியை உதிரிபாகக் கிடங்காகப் பார்ப்பது தவறு, ஓடாத சிறு கணினியை அப்படிப் பார்ப்பது சரி என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களைப் பாகம் பாகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழற்றுவதற்கு ஆதரவான சான்று வலுவாக இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஓர் ஆப்டிபிளெக்ஸ் ஸ்லிம் பெட்டியில் இருக்கும் டிடிஆர்4 ரேம், எந்தக் கம்பெனியின் டிடிஆர்4 மேசைக் கணினி போர்டிலும் வேலை செய்யும். சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் இதுவே பொருந்தும். ரேம் தேய்ந்துபோகும் பொருளல்ல. ஐந்தாறு வருடம் ஒழுங்காக ஓடிய ரேம் பெரும்பாலும் இன்னும் பல வருடம் ஓடும். அதன் விலையும் இப்போது அற்பமாக இல்லை. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான நினைவகத் தேவை பெருகியதில் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. தயாரிப்பாளர்கள் டிடிஆர்4 உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது என்பதால் பழைய வகைக்கும் தட்டுப்பாடு வந்தது. அந்த டிசம்பரில், பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் குருசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. இந்த நிலையில் பழைய பெட்டியிலிருந்து எடுத்த எட்டு ஜிபி ரேம் ஒரு மாணவனுக்கு உண்மையான சொத்து. அதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் பொது அளவுப் பாகங்களிலும் கவனிக்க வேண்டிய வேறுபாடுகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விற்பதும் வாங்குவதும் நடக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள மினி வகைகள், அதாவது லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி டெஸ்க்டாப் மினி ஆகியவை, லேப்டாப்பில் இருக்கும் குட்டி ரேமையே பயன்படுத்துகின்றன. அது சாதாரண மேசைக் கணினி போர்டில் ஏறாது. அந்த மினிகளில் இருக்கும் ப்ராசஸர்களும் பெயரின் முடிவில் 'டி' என்ற எழுத்துடன் வரும் 35 வாட் வகையாகவே பெரும்பாலும் இருக்கும். ஐ5-6500 அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், ஐ5-6500டி 2.5 கிகாஹெர்ட்ஸ். மினிக்குள் இருக்கும்போது அது நிறைவான ப்ராசஸர்; அதை எடுத்துப் பெரிய கேபினட்டில் வைத்தால், சூட்டைக் குறைக்க விட்டுக்கொடுத்த வேகம் திரும்ப வராது. எல்ஜிஏ 1151 என்ற ஒரே சாக்கெட் அளவில் ஆறாவது, ஏழாவது தலைமுறைக்கு ஒரு வரிசை போர்டுகளும், எட்டாவது, ஒன்பதாவது தலைமுறைக்கு வேறு வரிசை போர்டுகளும் வேண்டும். மாற்றி வைத்தால் உட்காரும், ஆனால் இயங்காது. இன்னும் கடுமையானது ஏஎம்டி பக்கம் இருக்கிறது. பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற ஏற்பாட்டை இயக்கிய லெனோவோ பெட்டிகள் சிலவற்றில், ரைசன் புரோ ப்ராசஸர் அந்தக் கம்பெனியின் போர்டோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுவிடுகிறது. வேறு கம்பெனி போர்டில் அது எழுந்திருக்காது. பூட்டை அவிழ்க்க வழியும் இல்லை. பாதுகாப்புக்காகச் செய்ததாகக் கம்பெனி சொல்கிறது. போலி ஃபர்ம்வேரைத் தடுப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு ப்ராசஸர் இரண்டாம் கையில் குப்பையாகும்படி ஒரு வசதியை வடிவமைத்ததை நோக்கத்தால் நியாயப்படுத்த முடியாது.

இனி எஸ்எம்பிஎஸ். இந்த விவாதத்தின் மையம் இதுதான். சாதாரண அசெம்பிள்டு கணினியின் போர்டுக்கு 24 பின் கனெக்டர் வழியே மின்சாரம் போகிறது. எந்தக் கடையில் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸும் பொருந்தும். ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போர்டுகளில் இருப்பதோ எட்டுப் பின். எலைட்டெஸ்க் 800 முதல் தலைமுறையில் ஆறு பின். திங்க்சென்டரின் சில வரிசைகளில் பதினான்கு, சிலவற்றில் பத்து. போர்டுக்கு 12 வோல்ட் மட்டும் கொடுத்து, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டிலேயே இறக்கிக்கொள்ளும் முறை இது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல முறை. வீணாகும் மின்சாரம் குறையும், ஒயர் குறையும். பிழை, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கனெக்டரை வகுத்துக்கொண்டதில் இருக்கிறது. இதைச் சமாளிக்க 24 பின்னை எட்டாகவோ ஆறாகவோ மாற்றும் கேபிள்கள் சந்தையில் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை வேலை செய்யவும் செய்கின்றன. ஆனால் சில மாடல்களுக்குக் காத்திருப்பு (ஸ்டாண்ட்பை) மின்னழுத்தமே 5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட்டை ஒட்டி வேண்டும். அதற்கான கேபிளில் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு சிறு சர்க்யூட் இருக்கும். அந்தச் சர்க்யூட் மட்டமாக இருந்தாலோ, ஒரு மாடலுக்கான கேபிளை இன்னொன்றில் செருகினாலோ, இழப்பு முழு போர்டும்தான். ஒரே வடிவம், வேறு வரிசை என்ற ஆபத்து புதியதல்ல. 1998 முதல் சில ஆண்டுகள் டெல் தன் மேசைக் கணினிகளில் பொது ஏடிஎக்ஸ் வடிவ 20 பின் கனெக்டரையே வைத்து, ஒயர் வரிசையை மட்டும் மாற்றியிருந்தது. கடையில் கிடைத்த சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிச் செருகினால் போர்டு கருகும் நிலை அப்போதே இருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பாடத்தை இத்தொழில் முழுதாகக் கற்கவில்லை.

எதிர்த்திசையில் செய்யும் தவறு இதைவிட மோசம். சிறு பெட்டியின் எஸ்எம்பிஎஸ்ஸையே கழற்றிப் புதிய அசெம்பிளில் பயன்படுத்த நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது 180 முதல் 255 வாட்டுக்குள் இருப்பது. உருவம் எந்தப் பொது கேபினட்டின் திருகுத் துளைக்கும் பொருந்தாது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின் இணைப்பும் பெரும்பாலும் இருக்காது. அதற்கு மேல், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காலத்தாலும் வெப்பத்தாலும் உலர்ந்துபோகும் பொருள்கள். 2003 முதல் 2005 வரை வந்த ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ் 270, 280 போர்டுகளில் கெபாசிட்டர்கள் வீங்கி வெடித்ததையும், அதைச் சரிசெய்ய டெல் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்ததையும் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது தரக்குறைவான பாகத்தால் வந்தது. இன்றைய பெட்டிகளில் அந்தக் குறை இல்லை. எனினும் எட்டு, பத்து வருடம் குளிரூட்டாத அறையில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் லைனில் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸைப் புதுக் கணினியின் அடித்தளமாக வைப்பதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது.

மதர்போர்டை மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் செய்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். திருகுத் துளைகள் இடம் மாறியிருக்கும். பின்பக்கத் தகடு பழைய பெட்டியோடு ஒட்டியது, தனியாக வராது. பவர் பட்டனுக்கான பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஃபேன் கனெக்டரின் ஒயர் வரிசை வேறாக இருக்கலாம். குறிப்பிட்ட ஃபேன் இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கை காட்டி, ஒரு கீயை அழுத்தச் சொல்லும். கூலரைப் பிடிக்கும் திருகுகள் சில மாடல்களில் போர்டில் இல்லாமல் பெட்டியின் அடித்தகட்டில் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு உண்டு: துளையிடலாம், ஒயரை வெட்டி ஒட்டலாம், சென்சாரை ஏமாற்றலாம். கைத்திறமை உள்ளவர்கள் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கணினி மூன்று வருடம் கழித்து வேறொரு மெக்கானிக்கின் மேசைக்குப் போகும்போது, எந்த ஒயர் எதற்காக மாற்றப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. பொது அளவு என்ற ஏற்பாட்டின் முழுப் பயனும், முன்பின் அறியாத ஒருவர் பழுது பார்க்க முடியும் என்பதில்தான் இருக்கிறது. கையால் செய்த சமாளிப்பு அந்தப் பயனை அழித்துவிடுகிறது.

'இத்தனை சொன்னாலும், இப்படிச் செய்த கணினிகள் ஓடுகின்றனவே' என்ற ஆட்சேபணை நியாயமானது. ஓடுகின்றன. ஆகவே ஓடுமா என்று கேட்பதை விட்டு, அதே பணத்தில் வேறு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்க வேண்டும். மாற்றுகிறவர் கேபினட், எஸ்எம்பிஎஸ், மாற்றுக் கேபிள், பெரும்பாலும் கூலர் என நான்கு பொருள்களை வாங்குகிறார். பழைய பெட்டியும், அதன் எஸ்எம்பிஎஸ்ஸும், கூலரும் கையில் மிஞ்சுகின்றன. அவற்றை வாங்க ஆளில்லை. அதே ஆப்டிபிளெக்ஸும் எலைட்டெஸ்க்கும் டவர் வடிவத்திலும் வந்திருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே தலைமுறை, அதே சிப்செட், முழு உயர கிராபிக்ஸ் கார்டுக்கு இடம், சற்றுப் பெரிய எஸ்எம்பிஎஸ். பெரிய பெட்டி வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே டவரை வாங்குவது, ஸ்லிம்மை வாங்கி டவராக்குவதைவிட மலிவாகவே முடியும். கிராபிக்ஸ் கார்டுக்காகத்தான் மாற்றுகிறோம் என்றால் அதற்கும் விடை உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியே அதிகபட்சம் 75 வாட் தரப்படலாம் என்பது பொது விதி. ஜிடிஎக்ஸ் 1650, ரேடியான் ஆர்எக்ஸ் 6400, 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 ஆறு ஜிபி ஆகியவற்றில் தனி மின் இணைப்பு வேண்டாத, அரை உயர வகைகள் இருக்கின்றன. அந்தப் பெட்டியின் ஸ்லாட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் எத்தனை வாட் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டால், பெரும்பாலான ஸ்லிம் பெட்டிகளில் பிரிக்காமலே இவற்றில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். போட்டோஷாப், கோரல்டிரா வேலைக்கும் கல்லூரி மாணவரின் முப்பரிமாண வரைகலைப் பாடத்துக்கும் இது போதும். புதிய பெரிய விளையாட்டுகளை உயர்ந்த தரத்தில் ஆட வேண்டுமென்றால் போதாது. ஆனால் அதற்கு நான்கு கோர் ஆறாம் தலைமுறை ப்ராசஸரும் போதாது. பெட்டியை மாற்றுவதால் அந்தக் குறை தீராது.

மின்சாரக் கணக்கைப் பொதுவாக யாரும் எடுப்பதில்லை. சிறு கணினியின் பெரும் பலம் சும்மா இருக்கும்போது அது எடுக்கும் மின்சாரம். 25 வாட்டை ஒட்டியே நிற்கும் அந்தத் தேவைக்கு ஏற்ற அளவில் அதன் எஸ்எம்பிஎஸ் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதே போர்டை 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால், அந்த எஸ்எம்பிஎஸ் தன் திறனில் ஐந்து சதவீதத்தில் ஓடும். 80 பிளஸ் சான்று கொடுக்கும்போது பெரும்பாலான வகைகளை 20, 50, 100 சதவீதச் சுமையில்தான் சோதிக்கிறார்கள். ஐந்து சதவீதத்தில் அது எவ்வளவு வீணாக்குகிறது என்பதற்குச் சான்றிதழ் பொறுப்பேற்பதில்லை. சான்றே இல்லாத மலிவு வகைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூடுதல் ஃபேன்களும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 20 வாட் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ பத்து யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; சிறு குடும்பத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அற்பமல்ல. பவர்கட் ஆகும்போது யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதும் இதே கணக்கைப் பொறுத்தது.

பெரிய கேபினட்டுக்கு ஆதரவாக ஒன்றை இந்த வட்டாரம் சார்ந்தே சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசி பறக்கும் இடங்களில் ஒல்லிப் பெட்டியின் குறுகிய ஹீட் சிங்க் இடுக்குகள் சீக்கிரம் அடைபடும். மில் வளாகத்திலோ தறிக்கூடத்திலோ வைக்கும் கணினிக்கு அகன்ற பெட்டி, பெரிய ஃபேன், எளிதில் கழற்றக்கூடிய வடிகட்டி ஆகியவை உண்மையான நன்மை. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் தவறாமல் ஊதித் துடைக்கப்படும் ஸ்லிம் பெட்டியும் அந்த இடத்தில் நிற்கும். துடைக்கவே படாத அகன்ற பெட்டியும் கொஞ்ச காலத்தில் அடைபடும்.

கழற்றுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கும் நிலை ஒன்று இருக்கிறது. சிறு பெட்டியின் எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது. அதே மாடலுக்குப் புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. போர்டும் ப்ராசஸரும் நலமாக இருக்கின்றன. இப்போது நம்பகமான மாற்றுக் கேபிளோடு பொது எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபினட்டையும் கொடுத்துக் கணினியை எழுப்புவது காப்பாற்றும் வேலை. போர்டு செத்துவிட்டால் ரேமையும் எஸ்எஸ்டியையும் ப்ராசஸரையும் எடுத்து வேறிடத்தில் வைப்பதும் அதே வகைதான். மேலே பட்டியலிட்ட குறைகள் எல்லாம் அப்போதும் இருக்கும், ஆனால் அவற்றை ஒப்பிட வேண்டியது ஓடாத கணினியோடு. ஆகவே தராசு மறுபக்கம் சாய்கிறது. ஓடுகிற கணினியைப் பிரிக்கும்போது ஒப்பிட வேண்டியது ஓடுகிற கணினியோடு. ஒரே கைவேலை, ஒரே கேபிள், ஒரே கேபினட். தொடங்கிய இடம் வேறாக இருப்பதால் ஒன்று மீட்பாகவும் மற்றது அழிப்பாகவும் முடிகிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் மறுபயன்பாடு என்ற ஒரே பெயரில் பாராட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அழிப்பு என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். மிஞ்சுவது எங்கே போகிறது என்று பார்த்தால் தோன்றாது. 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என்றும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது என்றும் 2024ஆம் ஆண்டின் உலக மின்கழிவு அறிக்கை சொல்கிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு விதிக்கின்றன: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, பிறகு 80. பழையதைப் புதுப்பித்து விற்கும் பதிவுபெற்றவர்களுக்குச் சான்று கொடுக்கும் ஏற்பாடும் அவற்றில் இருக்கிறது. ஆனால் மொத்தப் பயனாளர் என்ற பொறுப்பு, ஆண்டில் ஆயிரம் மின்சாதனங்களாவது பயன்படுத்தும் நிறுவனங்களுக்கே. சிறு மில் அலுவலகம், அச்சகம், தெருமுனைக் கணினிக் கடை ஆகியவை இந்த வரம்புக்குள் வருவது அரிது. அங்கே மிஞ்சும் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பழைய இரும்புக் கடைக்குப் போனால், அதற்குப் பிறகு ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் போர்டை அமிலத்தில் போடுவதும்தான் முறைசாராத் தொழிலின் வழி. தகரப் பெட்டிக்கு எடைக்கு எடை காசு வரும். ஆனால் முழுக் கணினியாக ஒரு பள்ளி மாணவிக்கோ, ஜிஎஸ்டி கணக்குப் போடும் சிறு தறிக்காரருக்கோ இன்னும் சில வருடம் உழைத்திருக்கக்கூடிய பொருள் அது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விண்டோஸ் 11 ஏறாத கணினியை முழுதாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? லினக்ஸ் போடலாம் என்பது வழக்கமான விடை. அதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. படிப்புக்கும், இணையத்துக்கும், நிரல் எழுதிப் பழகவும் ஆறாம் தலைமுறைப் பெட்டி லினக்ஸில் நன்றாக ஓடும். ஆனால் டாலியில் கணக்கு எழுதும் மில்லுக்கும், கோரல்டிராவில் லேபிள் வடிவமைக்கும் அச்சகத்துக்கும் இந்த விடை பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் எட்டாம் தலைமுறைக்குப் போவதே சரி. அப்படிப் போகும்போது பழைய பெட்டியின் ரேமையும் எஸ்எஸ்டியையும் புதியதற்கு மாற்ற வேண்டும் என்ற ஆசை வரும். புதியது டிடிஆர்4 வகையாக இருந்தால் மாற்றவும் முடியும். ஆனால் பழையது அதனால் ஓடாத பெட்டியாகி மூலையில் கிடக்கும் என்றால், ஒரு கணினியின் விலையில் ஒரு பகுதியை மிச்சப்படுத்த இன்னொரு கணினியையே தொலைத்ததாகும். இரண்டாவது ரேமை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுவைப்பது, ஓடும் நிலையிலேயே இன்னொருவருக்குக் கைமாற்றுவது போன்ற வழிகள் இருக்கின்றன.

மாணவர்கள் சார்பாக எழும் ஆட்சேபணையை நான் மிகவும் மதிக்கிறேன். பிரித்துப் பார்க்காமல் எதைக் கற்க முடியும் என்கிறார்கள். பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் படிக்கும் பிள்ளைக்கு மல்டிமீட்டர் வைத்து எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்று அளந்து பார்ப்பது எந்தப் பாடப்புத்தகமும் தராத கல்வி. ரிச்சி ஸ்ட்ரீட்டை வளர்த்ததும் சிற்றூர்க் கணினிக் கடைகளை நடத்துவதும் இப்படிக் கையால் கற்றவர்கள்தான். கற்க வேண்டும், ஆனால் கற்பதற்கு ஓடாத பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பழுதானதை எழுப்பும்போது வரும் அறிவு, நல்லதைப் பிரித்து வேறு கேபினட்டில் மாட்டும்போது வரும் அறிவைவிட ஆழமானது; எந்தப் பாகம் ஏன் நின்றது என்ற கேள்வி முதலாவதில் மட்டுமே எழுகிறது.

ஹார்டு டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. சந்தைக்கு வரும் பெட்டிகளில் ஊழியர்களின் சம்பளப் பட்டியல், ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் இருக்கக்கூடும். ஃபார்மட் செய்வதால் மட்டும் அவை அழிவதில்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் நிறுவனத்துக்கு இது சட்டப் பொறுப்பு. முறையாக அழித்த டிஸ்க் வாங்குபவருக்கும் நிம்மதி. அழிக்கத் தெரியாமல் டிஸ்க்கை உடைத்துப் போடுவது இன்னொரு வீண்.

இதுவரை பயனாளர் செய்வதைப் பற்றியே பேசினேன். பழியில் பெரும் பங்கு அவருடையதல்ல. எட்டுப் பின், ஆறு பின், பதினான்கு பின் என்று கனெக்டரைச் சிதறடித்தது கம்பெனிகள். 12 வோல்ட் மட்டும் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பொது அளவு சாத்தியம் என்பதை 2020ஐ ஒட்டி இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 12விஓ என்ற பத்துப் பின் வரைமுறை காட்டிவிட்டது. தொழில்நுட்பத் தடை என்ற சாக்கு இனி இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதே டிசம்பரில் அதற்கான இணையதளத்தையும் திறந்தது. கையேட்டையும் சேவை மைய விவரத்தையும் ஓரிடத்தில் கொடுப்பதே அதன் பயன். கனெக்டரின் ஒயர் வரிசையை வெளியிட யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அரசிடம் வேறொரு பிடி இருக்கிறது. 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை 17,000 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த கணினி வன்பொருளுக்கான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம், லேப்டாப், டேப்லெட், சர்வர் ஆகியவற்றோடு அல்ட்ரா ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் கணினிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதே ஆகஸ்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு அறிவித்தபோதும் இதே வகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். பொதுப் பணத்தில் ஊக்கத்தொகை வாங்கும் கம்பெனியிடம் மூன்று நிபந்தனைகள் வைக்கலாம். எஸ்எம்பிஎஸ் கனெக்டர் பொது வரைமுறையில் இருக்க வேண்டும். போர்டின் எல்லாப் பின் வரிசைகளும் கையேட்டில் அச்சாக வேண்டும். விற்பனை நின்ற பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை எஸ்எம்பிஎஸ்ஸும் கூலரும் தனியாகக் கிடைக்க வேண்டும். ப்ராசஸரைப் போர்டோடு பூட்டும் வசதி இருந்தால், முதல் உரிமையாளர் விற்கும்போது அதை அவிழ்க்க ஒரு வழி கொடுக்க வேண்டும் என்பதை நான்காவதாகச் சேர்ப்பேன். இந்த ஊக்கத்தொகையில் இன்று தயாராகும் பெட்டிகள் 2030ஐ ஒட்டி இரண்டாம் கைச் சந்தைக்கு வரும். நிபந்தனை வைப்பதற்கான நேரம் அவை வந்த பிறகல்ல, இப்போது.